கூட்டுறவின் முதற்பள்ளி

ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்வதற்கு விண்ணப்பமும், துணைவிதிகளும், பங்குத் தொகையும் இருந்தால் போதும். ஆனால் பதிவான சங்கம் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இயங்க வேண்டுமாயின், அதன் அங்கத்தினரிடத்தே வேறு சில குணங்கள் அமைந்திருத்தல் வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமை, பிறர் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்கும் பண்பு, பொதுப்பொருளைத் தன் பொருள்போலக் காக்கும் எண்ணம், இன்று கருத்து மாறுபட்டவரோடு நாளை சேர்ந்து வேலை செய்யும் மனம் ஆகிய இவை எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் வழங்கப்படுவனவல்ல. பொதுக்குழுக் கூட்டத்தை எட்டிப் பாராத அங்கத்தினரையும், கடன் கைக்கு வந்த மறுநாளே சங்கத்தை மறந்துவிடுபவரையும் எண்ணி நொந்துகொள்ளாத நிர்வாகி நம்மிடையே இல்லை. இதற்கெல்லாம் மருந்து கூட்டுறவுக் கல்வியே என்று மேடைதோறும் பேசுகிறோம். அக்கல்வி எந்த வயதில் தொடங்குகிறது என்று சிந்திப்போர் மிகச் சிலரே.

நாற்பது வயதானவருக்கு வகுப்பு நடத்தியும் மனத்தில் ஏறாத இப்பாடத்தை மூன்று வயதுக் குழந்தை விளையாடியே கற்றுக்கொள்கிறது. நம் ஊர்களில் பால்வாடி என்றும் அங்கன்வாடி என்றும் வழங்கும் குழந்தைகள் மையமே அப்பாடம் நடைபெறும் இடம். அங்கே அது எவ்வாறு நடைபெறுகிறது, அதற்கு என்னென்ன இடையூறுகள் உள்ளன, நம் சங்கங்கள் அதற்கு எவ்வாறு துணைநிற்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாடும் இடமே அருகிவிட்ட சென்னையின் ராயபுரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நெசவாளர் ஒருவர் நடத்திய பாலர் பள்ளி

கூட்டுறவு இயக்கமும் பாலர் பள்ளியும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொன்னால் அங்கத்தினர் சிலர் வியப்படையலாம். கூட்டுறவின் தந்தை எனப் போற்றப்படும் ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க் என்னும் ஊரின் நூற்பாலைகளை 1800ஆம் ஆண்டு முதல் நிர்வகித்துவந்தார். ஆலையில் வேலை செய்வோரின் குழந்தைகளுக்காக 1816 ஜனவரி 1ஆம் நாள் அவர் ஒரு கல்வி நிலையத்தைத் திறந்துவைத்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டன.

அக்குழந்தைகளுக்கு ஆசிரியராக ஓவன் தேர்ந்தெடுத்தவர் கற்றறிந்த பண்டிதர் அல்லர். ஜேம்ஸ் புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளர். நசிந்துகொண்டிருந்த தறித்தொழிலில் பிழைப்புக்குப் போதிய வருவாயின்றி வருந்திய எளியவர் அவர். அவருக்குத் துணையாக அமர்ந்தவர் மாலி யங் என்னும் 17 வயது ஆலைப் பெண். இருவரிடமும் ஓவன் கண்ட தகுதி, குழந்தைகள்பால் குன்றாத அன்பும் பொறுமையுமேயாகும். எக்காரணத்தைக் கொண்டும் குழந்தையை அடித்தலாகாது, அச்சுறுத்தலாகாது, புத்தகங்களைக் காட்டித் தொல்லைப்படுத்தலாகாது என்பன அவர் இட்ட கட்டளைகள். உடன் விளையாடும் குழந்தையை மகிழ்விக்க முயல வேண்டும் என்பதே அங்குக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். நாலைந்து வயதானவர் தம்மினும் இளையவரைக் கவனித்துக்கொள்ளவும் பழக்கப்பட்டனர்.

அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பின்னர், 1844ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய பண்டகசாலை உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டியாயிற்று. அவர்களுள் நெசவாளர் பலர். ஓவனுடைய கருத்துகளில் தோய்ந்தவரும் பலர். உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தையும் அவர்கள் பின்னர் ஏற்படுத்தினர். கணக்கும் சரக்கும் மட்டும் சங்கத்தைக் காப்பாற்றமாட்டா, மனிதரைப் பண்படுத்துவதும் சங்கத்தின் கடமை என்பதை முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

முற்றத்துப் பள்ளி

நம் நாட்டிலும் இத்துறையில் அரும்பணி ஆற்றியவர் உண்டு. பவநகரில் 1920ஆம் ஆண்டில் கிஜுபாய் பதேகா ஒரு பாலர் பள்ளியை நிறுவினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945ஆம் ஆண்டில் மேலைக் கடற்கரை ஊராகிய போர்டியில் அனுதாய் வாக் என்பவருடன் சேர்ந்து சிற்றூர்ப் பாலர் கல்வியைத் தொடங்கினார். பள்ளிக்கு வர இயலாத ஏழைக் குழந்தைகளைத் தேடி, அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றனர் இவ்விருவரும். முற்றத்தில் நடைபெற்றமையால் அஃது அங்கன்வாடி எனப் பெயர் பெற்றது. விலையுயர்ந்த கருவிகளை நாடாமல் கூழாங்கல், இலை, விதை, களிமண் இவற்றையே அவர்கள் பாடப்பொருள்களாகக் கொண்டனர்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவருடைய முறையில் ஒரு வகுப்பறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை அதை எடுத்து வேலை செய்யும்போது, அதை விரும்பும் மற்றொரு குழந்தை காத்திருத்தல் வேண்டும். ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய விவசாயிக்கு இதன் அருமையை விரித்துரைக்கத் தேவையில்லை. மடை ஒன்று, வயல்கள் பல. முறை தவறினால் ஊரே பகையாகும் என்பதை அவர் அறிவார். அப்பொறுமைக்கு மூன்று வயதிலேயே பயிற்சி தருவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை முதலான பணிகளோடு முன்பருவக் கல்வியும் அத்திட்டத்தின் ஆறு பணிகளுள் ஒன்றாக அமைந்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டம் கிராமப்புறங்களில் தொடங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நகர்ப்புறங்களுக்கும் விரிவடைந்தது. இரண்டு வயது முதலான குழந்தைகள் மதிய உணவை முன்னிட்டு மையங்களில் ஒன்றுகூடலாயினர். சோறு குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்தது. சேர்ந்த குழந்தைகளை ஒரு கூட்டமாக ஆக்குவது விளையாட்டின் வேலை.

மணலை இழந்த கடற்கரை

ராயபுரத்திற்கும் நம்மவர்க்கும் உள்ள தொடர்பு பழமையானது. தறியில் நெய்த துணி கப்பலேறிய துறைமுகத்தை அடுத்த பகுதி அது. அதற்கு வடக்கே திருவொற்றியூர்ப் பக்கத்தில், 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டையே இன்று காலாடிப்பேட்டை என வழங்குகிறது. துணி வெளுப்போர் குடியிருந்தமையால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையும் அருகிலேயே உள்ளது. தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில்தான் போடப்பட்டது.

இவ்வளவு பெருமை வாய்ந்த அப்பகுதியில் குழந்தைகள் விளையாடுவதற்கு இடம் அரிதாகிவிட்டது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழுந்தபின் அம்மணல் தெற்கே தடைப்பட்டு மெரினாவில் குவிந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை மணல் வரத்தின்றி அரிக்கப்பட்டது. கரையைக் காக்கப் பெருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. மணற்பரப்பு இருந்த இடத்தில் இன்று கற்சுவர் நிற்கிறது. சாலைகளிலோ துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வீடுகளோ சிறியவை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையிலேயே ஏலம் தொடங்கிவிடும். மீன் எடுத்து விற்கும் தாய்மார் கூடையுடன் புறப்படுவதும், விசைப்படகில் சென்ற தந்தையர் நாட்கணக்கில் கடலில் இருப்பதும் அங்கே வழக்கம். துறைமுகத்திலும் பட்டறைகளிலும் முறைவேலை செய்வோரும் பலர். இத்தகைய குடும்பங்களின் குழந்தைக்கு, ஒத்த வயதுடைய பத்துக் குழந்தைகளோடு அச்சமின்றி ஓடியாடக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் குழந்தைகள் மையம் ஒன்றேயாகும். அதுவும் உணவு உண்டு உறங்கும் கூடமாக மட்டும் நின்றுவிட்டால், அக்குழந்தை இழப்பது சிறிதன்று.

படிப்படியாக வளரும் குணம்

கூடி விளையாடும் ஆற்றல் பிறந்தவுடன் முழுமையாக அமைந்துவிடுவதில்லை. அது படிப்படியாக வளர்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் குழந்தைகளின் விளையாட்டை ஊன்றிக் கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அறிஞர், 1932ஆம் ஆண்டில் அதனை ஆறு வகையாகப் பகுத்துரைத்தார். ஒன்றிலும் ஈடுபடாது இருத்தல், தனித்து விளையாடல், பிறர் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தல், அருகருகே விளையாடல், கலந்து விளையாடல், கூடி விளையாடல் என்பன அவ்வாறு வகைகள்.

இவற்றுள் இறுதி மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நெசவாளர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரே கூடத்தில் இருவர் தனித்தனித் தறியில் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல் அவரவர் துணியை நெய்கின்றனர்; இஃது அருகருகே விளையாடல். ஒருவர் மற்றவர்க்கு அறுந்த இழையை முடிந்து கொடுக்கிறார், நூல் கடன் தருகிறார், ஆயினும் துணி அவரவருடையதே. இது கலந்து விளையாடல். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றும்போதோ, இருபுறமும் பலர் நிற்க வேண்டும். ஒருவர் தளர்ந்தால் இழை அறும். முடிவில் கிடைப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு பாவு. இதுவே கூடி விளையாடல். குறிக்கோள் ஒன்று, வேலை பலவாகப் பிரிந்தது, ஒருவரின்றி மற்றவரால் முடியாது என்னும் மூன்று இலக்கணமும் இதில் பொருந்தியுள்ளன.

இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் தனித்தோ அருகருகேயோ விளையாடும். நான்கு, ஐந்து வயதில் கூடி விளையாடல் மிகுதிப்படும். அதற்காகத் தனித்து விளையாடும் குழந்தையைக் குறையுடையது என்று கருதலாகாது. பெரிய குழந்தைகளும் சிற்சில வேளை தனித்தே ஆடி மகிழ்வர் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் குழந்தையும் ஆட்டத்தின் விதிகளைக் கண்ணால் கற்றுக்கொண்டிருக்கிறது. அதனைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்துவது பயன் தராது. அதன் அருகில் ஓரிடம் காலியாக வைத்திருப்பதே தக்க முறை.

நம் சங்கங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கடனுக்கும் உரத்திற்கும் நூலுக்கும் மட்டும் வந்து கையொப்பமிட்டுச் செல்லும் அங்கத்தினர் இன்னும் அருகருகே விளையாடும் நிலையிலேயே உள்ளனர் அல்லவா? சிறுவயதில் ஏறாத படியைப் பெரியவரானபின் ஏறுவது இயலாததன்று. ஆனால் முயற்சி மிகுதியாக வேண்டும்.

நான்கு விளையாட்டுகள்

கூட்டுறவைக் கற்பிக்கும் விளையாட்டுக்குப் பணம் தேவையில்லை. எந்த மையத்திலும் ஆடத்தக்க நான்கினை இங்கே கூறுவோம்.

முதலாவது ரயில் வண்டி. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து வரிசையாகச் செல்லும் இவ்வாட்டத்தை அறியாத குழந்தை இல்லை. ரயிலின் பிறப்பிடமாகிய ராயபுரத்தில் அதற்குத் தனிப்பொருத்தமும் உண்டு. முதலில் நிற்பவன் தன் வேகத்திற்கு ஓடினால் வண்டி அறுந்துபோகும். கடைசியில் வரும் மிகச் சிறிய குழந்தையால் எவ்வளவு விரைவாக வர முடியுமோ அவ்வளவே வண்டியின் வேகம் என்பதைக் குழந்தைகள் இரண்டு மூன்று முறை அறுந்த பிறகு தாமே கண்டுகொள்கின்றனர். என்ஜினாக நிற்கும் உரிமை ஒவ்வொரு சுற்றிலும் மாற வேண்டும். தலைவர் பதவி ஒருவர்க்கே உரிய சொத்தன்று என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

இரண்டாவது ஜமுக்காளப் பந்து. ஒரு ஜமுக்காளத்தையோ கெட்டியான போர்வையையோ விரித்துச் சுற்றிலும் பத்துக் குழந்தைகள் அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்க, நடுவில் ஒரு பந்தை இட வேண்டும். பந்து கீழே விழாமல் அங்குமிங்கும் உருள வேண்டும். ஒருவர் விட்டாலும் அப்பக்கம் தாழ்ந்து பந்து விழும். ஒருவர் மட்டும் உயர்த்தினாலும் விழும். தோற்பவரும் வெல்பவரும் இல்லாத ஆட்டம் இது. பந்து நின்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, விழுந்தால் எல்லோருக்கும் சிரிப்பு.

மூன்றாவது மணல்வீடு. நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரை மணலில் சிற்றில் இழைத்து ஆடியதைச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப்பருவமாகவே அமைந்துள்ளது. தாங்கள் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் ஆண்குழந்தையை வேண்டுவது அப்பருவத்தின் பொருள். பிறர் உழைப்பால் எழுந்ததை அழித்தலாகாது என்னும் அறத்தை நம் முன்னோர் குழந்தையின் விளையாட்டிலேயே கண்டனர். ஒருவன் தண்ணீர் கொண்டுவர, ஒருவன் மணல் குவிக்க, ஒருத்தி சங்கு பதித்து அழகு செய்ய, வீடு எழுகிறது. மணலை இழந்த ராயபுரத்துக் குழந்தைக்கு மையத்தின் மூலையில் அமைக்கும் ஒரு மணற்குழியே கடற்கரை.

நான்காவது சொப்புச் சமையலும், அதன் வளர்ச்சியாகிய கூட்டாஞ்சோறும். சொப்பு வைத்து ஆடும்போது குழந்தைகள் தம்முள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். நீ அம்மா, நான் கடைக்காரர், அவன் மீன் கொண்டுவருபவன் என்று பேசி முடிவு செய்வது, விளையாட்டு தொடங்குமுன் அவர்கள் நடத்தும் ஒரு நிர்வாகக் குழுக் கூட்டமேயாகும். கூட்டாஞ்சோற்றிலோ வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு, இரண்டு காய் வருகின்றன. பெரியவர் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, வெந்த சோறு கொடுத்தவர் கொடாதவர் எல்லோருக்கும் பொதுவாகிறது. பங்குத் தொகை என்றால் என்ன என்று பிற்காலத்தில் விளக்கும்போது, இதை ஆடியவர்க்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிராது.

கூடி உழைத்தவர் பங்கிடுவர்

இவையெல்லாம் நம் விருப்பத்தால் கூறும் உபசார வார்த்தைகளோ என்று ஐயுறுவோர்க்கு ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்காட்டுவோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த சோதனையின் முடிவுகள் 2011ஆம் ஆண்டில் வெளியாயின. மூன்று வயதுக் குழந்தைகளை இருவர் இருவராக அழைத்து, ஒரு பலகையின் இரு முனைகளிலும் கயிறு கட்டி வைத்தனர். இருவரும் ஒருசேர இழுத்தால்தான் பலகை அருகில் வரும். பலகை வந்ததும் ஒருவர் பக்கம் பரிசுப் பொருள்கள் மூன்றும் மற்றவர் பக்கம் ஒன்றுமாக இருக்கும்படி சூழ்ச்சியாக அமைத்திருந்தனர்.

நிகழ்ந்தது யாதெனில், சேர்ந்து இழுத்த குழந்தைகளுள் மூன்று கிடைத்தவர் ஒன்றை எடுத்து மற்றவர்க்குக் கொடுத்து இருவரும் இவ்விரண்டாகச் சமன் செய்துகொள்வது மிகுதியாகக் காணப்பட்டது. அதே பொருள்கள் உழைப்பின்றி எதிரே வைக்கப்பட்டபோதும், இருவரும் தனித்தனிக் கயிற்றை இழுத்துப் பெற்றபோதும், அவ்வாறு கொடுத்தவர் குறைவு. மனிதக் குரங்குகளிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

இதன் கருத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பங்கிட்டுக் கொடு என்று யாரும் அக்குழந்தைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரே கயிற்றை இழுத்த கைகளுக்கு, கிடைத்தது இருவர்க்கும் உரியது என்பது தானே விளங்கிற்று. செலவு போக மிஞ்சியதைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் காசிமேட்டு மீனவரின் பங்கு முறையும் இவ்வடிப்படையில் எழுந்ததே. மிட்டாயைப் பங்கிட மறுக்கும் குழந்தையைத் தன்னலக்காரன் என்று கடிந்துகொள்வதைவிட, அடுத்த முறை அம்மிட்டாயை இருவரும் சேர்ந்து உழைத்துப் பெறும்படி செய்வது பயனுடையது. சங்கத்திற்கும் இது பொருந்தும். உழைப்பில் கூட்டு இல்லாத இடத்தில் பங்காதாயத்தில் மட்டும் நியாயத்தை எதிர்பார்த்தல் அரிது.

சண்டையும் ஒரு பாடமே

குழந்தைகள் கூடினால் சண்டை வரும். சண்டையே இல்லாத மையம் சிறந்தது என்று எண்ண வேண்டா. அங்கே குழந்தைகள் கைகட்டி அமர்த்தப்பட்டிருக்கலாம். ஒரு பொம்மைக்கு இருவர் போராடும்போது அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அமைதி உண்டாகும்; கல்வி உண்டாகாது. அடிபடாமல் மட்டும் காத்து, இருவருக்கும் இது வேண்டும், என்ன செய்யலாம் என்று ஆசிரியை வினவினால், பெரும்பாலும் குழந்தைகளே ஒரு வழி சொல்வார்கள். அவ்வழி நமக்கு வேடிக்கையாகத் தோன்றினும், அவர்களே இயற்றிய விதியாதலின் அதை அவர்கள் காப்பார்கள். துணைவிதிகளைத் தாமே விவாதித்து ஏற்றுக்கொண்ட சங்கத்திற்கும், அச்சிட்டு வந்ததை அப்படியே ஒப்புக்கொண்ட சங்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

போட்டி விளையாட்டிலும் சிறிது கவனம் வேண்டும். நாற்காலிப் போட்டியில் முதலில் வெளியேற்றப்படுவது மெலிந்த, கூச்சமுள்ள குழந்தையே. எதற்குப் பயிற்சி மிகுதியாக வேண்டுமோ அதுவே சுவரோரம் நின்று பார்க்க நேரிடுகிறது. இதனைச் சிறிது மாற்றி ஆடலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியை எடுத்துவிட வேண்டும், குழந்தையை வெளியேற்றலாகாது. எஞ்சிய நாற்காலிகளில் எல்லோரும் நெருங்கியும், மடியில் அமர்த்தியும், தோளைப் பற்றியும் இடம் கண்டுகொள்ள வேண்டும். நாற்காலி குறையக் குறைய ஒற்றுமை வளரும். நாற்காலிகள் உறுதியானவையா என்று மட்டும் முன்னரே பார்த்துக்கொள்க.

எழுத்தா, விளையாட்டா?

இங்கே பெற்றோர் எழுப்பும் ஒரு கேள்விக்கு மறுமொழி கூறியாக வேண்டும். மூன்று வயதில் எழுத்துக் கற்பிக்காமல் விளையாடவிட்டுக் காலத்தை வீணாக்கலாமா என்பது அக்கேள்வி. இக்கவலையால் குழந்தையை மையத்திலிருந்து நிறுத்தி, கடன்பட்டேனும் தனியார் நர்சரிப் பள்ளியில் சேர்ப்போர் துறைமுகப் பகுதியிலும் உண்டு, நம் ஊர்களிலும் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானதே. தாம் பெறாத கல்வியைப் பிள்ளை பெறவேண்டும் என்பது எந்தப் பெற்றோருக்கும் உள்ள ஆசை. இதனை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டில், நடுநிலைப்பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிற்று.

ஆயினும் எழுத்தும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மணலில் கோலமிடுவதும், மணி கோப்பதும், களிமண் பிசைவதும் பின்னர்ப் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலுவூட்டுகின்றன. கதை கேட்டு நடிப்பதும், விளையாட்டில் பேசி வாதாடுவதும் சொல்வளத்தைப் பெருக்குகின்றன. எழுத்தை ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் கற்கலாம்; கூடிவாழும் பழக்கத்திற்கு உரிய பருவம் தவறினால் அதை மீட்பது கடினம். பாரதியாரும் பாப்பாப் பாட்டைத் தொடங்கும்போது படிப்பைக் கூறுமுன் விளையாட்டையே கூறினார். அதுவும் பிறரோடு கூடி விளையாடுவதையும், ஒரு குழந்தையையும் வையாதிருப்பதையும் சேர்த்தே கூறினார். 2022ஆம் ஆண்டில் வெளியான தேசிய அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் எட்டு வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மையத்தின் பணியாளரும் உதவியாளரும் பல பொறுப்புகளைச் சுமப்பவர்கள். சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கருவுற்ற தாய்மாரைக் கவனித்தல் ஆகிய இவற்றினிடையே விளையாட்டுக்கு நேரம் சுருங்குவது இயல்பு. ஆகவே குறைகூறுவதை விடுத்துத் துணைநிற்பதே நம் கடமை. 1995ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு நேச சங்கம் வகுத்த ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது கல்வி. ஏழாவது சமுதாயத்தின்பால் அக்கறை. இவ்விரண்டும் ஒருசேர நிறைவேறும் இடம் நம் தெருவிலுள்ள குழந்தைகள் மையம்.

நெசவாளர் சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒரு ஜமுக்காளத்தையும், நூல் தீர்ந்த அட்டைக் கூம்புகளையும் தன் ஊர் மையத்திற்கு அளிக்கலாம். அக்கூம்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டலாம், வரிசையிட்டு எண்ணலாம். விவசாயிகள் சங்கம் ஒரு வண்டி மணலும், வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சிகளும், கோடையில் நுங்கு வண்டிகளும் கொடுக்கலாம். மணற்குழியை மாலையில் சாக்கினாலோ தார்ப்பாயினாலோ மூடிவைத்தல் வேண்டும். இல்லையேல் நாயும் பூனையும் அதை அசுத்தப்படுத்தும். மிகச் சிறு குழந்தைகள் வாயில் இட்டு விழுங்கக்கூடிய புளியங்கொட்டை, மணி போன்றவற்றைப் பெரியவர் அருகிலிருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

பொருளைவிட நேரம் சிறந்த நன்கொடை. வேலையிலிருந்து ஓய்ந்த மூத்த அங்கத்தினர் இருவர் வாரத்திற்கு ஒருநாள் அரைமணி நேரம் சென்று, ஜமுக்காளத்தின் ஓரத்தைக் குழந்தைகளோடு பிடித்து நின்றாலும் போதும். பெண் அங்கத்தினர்கள் மையத்தின் பெற்றோர் கூட்டங்களில் கலந்துகொண்டு, விளையாட்டின் பயனை மற்றத் தாய்மார்க்கு எடுத்துரைக்கலாம். விதிகள் இடங்கொடுக்கும் அளவில் ஒரு சிறுதொகையை இதற்கென ஒதுக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்கலாம்.

இன்று மூன்று வயதுக் குழந்தையாக மணலில் வீடு கட்டுபவர் இன்னும் பதினைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் பங்குதாரராகும் வயதை எய்துவார். அப்பொழுது அவர் கையொப்பமிட மட்டும் வருபவராக இருப்பாரா, கூட்டத்தில் எழுந்து பேசிப் பொறுப்பேற்பவராக இருப்பாரா என்பதில் இன்றைய மணற்குழிக்கும் பங்கு உண்டு. ராயபுரத்தில் கடல் கொண்டுபோன மணலை நம்மால் மீட்க இயலாது. நம் ஊர் மையத்தின் மூலையில் ஒரு வண்டி மணலைக் கொட்டி வைப்பதோ நம் கையில் உள்ளது. இவ்விதழை மடித்து வைக்குமுன், தம் தெருவிலுள்ள மையத்தில் அத்தகைய மூலை ஒன்று இருக்கிறதா என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் சென்று பார்த்துவருவார்களாக.